குட்டி ரெயிலுக்குப் புதிய கண்

உயரம் முழங்காலுக்குச் சற்று மேல். நீளம், ஓர் ஆள் காலை நீட்டிப் படுத்தால் வரும் நீளம். ஆனால் உள்ளே அசல் நிலக்கரி எரிகிறது. கொதிகலனில் அசல் நீராவி சீறுகிறது. விசில் ஊதினால் தெருக்கோடி வரை கேட்கிறது. பின்னால் கோத்த பலகை வண்டிகளில் பத்துப் பேர் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாலும், அத்தனை பேரையும் அநாயாசமாக இழுத்துக்கொண்டு போகிறது.

இது கடையில் சாவி கொடுத்து ஓட்டிக் காட்டும் பொம்மை அல்ல. ஏறி உட்கார்ந்து ஓட்டும் மாதிரி ரெயில். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இதற்கென்றே சங்கங்கள் இருக்கின்றன. சங்கத்து உறுப்பினர்கள் தங்கள் வீட்டுப் பட்டறையில் என்ஜினைச் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் தண்டவாளம் போட்டு, ஊர்க் குழந்தைகளை ஏற்றிச் சுற்றி வருகிறார்கள்.

பகலில் எல்லாம் சுகம்தான். பொழுது சாய்ந்த பிறகுதான் சோதனை. மரத்தடி இருட்டில் வளைந்து செல்லும் பாதை. தண்டவாளத்தின் மேல் ஒரு மரக்கிளை விழுந்திருக்கலாம். ஒரு நாய் படுத்திருக்கலாம். அம்மாவின் கையை உதறிவிட்டு ஒரு பிள்ளை குறுக்கே ஓடி வரலாம். அப்போது டிரைவருக்கு ஒரே துணை, என்ஜின் நெற்றியில் இருக்கும் அந்தச் சின்ன முகப்பு விளக்கு.

என்ஜின் மாதிரிதான். பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் மாதிரி அல்லவே! அதனால்தான் பழைய பல்பைக் கழற்றிவிட்டு நல்ல விளக்கு பொருத்தும் வேலை இந்தச் சங்கங்களில் முக்கியமான வேலையாக இருக்கிறது. பார்ப்பதற்கு ஐந்து நிமிஷ வேலை. முறை தெரியாமல் செய்தால் விளக்கு கருகும்; வயர் எரியும்; எதிரே நிற்பவர் கண் கூசும்.

ஒன்பதில் ஒரு பங்கு

நம் நாட்டு அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீட்டர். மாதிரி ரெயில்காரர்கள் அதிகம் உபயோகிக்கும் பெரிய பாதை 7¼ அங்குலம், அதாவது 184 மில்லிமீட்டர். நம் பாதையில் ஒன்பதில் ஒரு பங்கு! அமெரிக்காவின் பெரும் பகுதியில் இதையே 7½ அங்குலமாக வைத்திருக்கிறார்கள். இவற்றுக்கும் சிறியதாக 5 அங்குலப் பாதையும் 3½ அங்குலப் பாதையும் உண்டு.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் சிலோக்வின் என்ற ஊர் அருகே 'டிரெயின் மவுண்டன்' என்ற இடம் இருக்கிறது. பைன் மரக் காட்டுக்குள் 7½ அங்குலப் பாதை 36 மைலுக்கு மேல் ஓடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் பொழுது சாய்ந்தபின் ஓட்டுகிறவருக்கு முகப்பு விளக்கு அலங்காரப் பொருள் அல்ல.

இது பணக்காரர் விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. லண்டனில் 1898-ல் தொடங்கிய 'மாடல் என்ஜினீயர்' பத்திரிகையில் 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயரில் ஒருவர் பல்லாண்டுகள் எழுதினார். லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரெயில்வேயின் முதல் எழுத்துகளே அந்தப் பெயர். இளமையில் அந்த ரெயில்வேயிலேயே வேலை பார்த்தவர் அவர். ஒரு சின்ன லேத்தும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், சாதாரணத் தொழிலாளியும் தன் வீட்டில் நீராவி என்ஜின் செய்யலாம் என்று படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தார். பரேல், மாட்டுங்கா பணிமனைகளில் ஸ்பானர் பிடித்த கைகளுக்கு இந்த வேலையின் சூட்சுமம் சொல்லாமலே புரியும்.

டிஸ்னி செய்த விளக்கு

மிக்கி மவுஸை உலகுக்குத் தந்த வால்ட் டிஸ்னிக்கும் இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் தம் வீட்டுத் தோட்டத்தில் ஏறக்குறைய அரை மைல் நீளத்துக்கு 7¼ அங்குலப் பாதை போட்டார். 1950-ல் ரெயில் ஓடத் தொடங்கியது. என்ஜினுக்குத் தம் மனைவி லில்லியனை நினைத்து 'லில்லி பெல்' என்று பெயர் வைத்தார். சென்ட்ரல் பசிபிக் ரெயில்வேயின் பழைய 173-ம் எண் என்ஜினை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தது அது.

என்ஜினின் பெரிய வேலைகளை அவருடைய ஸ்டுடியோ பணிமனை ஆட்கள் செய்தார்கள். ஆனால் டிஸ்னி சும்மா வேடிக்கை பார்க்கவில்லை. அவர்களிடமே தொழில் கற்றுக்கொண்டு சில பாகங்களைத் தம் கையாலேயே செய்தார். முகப்பு விளக்கும் அவற்றில் ஒன்று.

அந்த ரெயில் நின்று போன காரணத்தையும் சொல்ல வேண்டும். 1953-ல் என்ஜின் கவிழ்ந்து, வெளிவந்த நீராவி பட்டு ஒரு சிறு குழந்தை காயமடைந்தது. டிஸ்னி ரெயிலை நிறுத்திவிட்டார். இரண்டு வருஷம் கழித்து 1955-ல் டிஸ்னிலாண்டு திறந்தபோது, அதைச் சுற்றி வரப் பெரிய ரெயிலே விட்டார். குட்டி ரெயில் என்றாலும் ஆபத்து குட்டியாக இருப்பதில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

பார்ப்பதற்கா, காட்டுவதற்கா?

புதிய விளக்கு வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். ரெயிலுக்கு முகப்பு விளக்கு எதற்கு?

பாதையைப் பார்ப்பதற்கு என்று உடனே பதில் வரும். பெரிய ரெயிலில் அது பாதி உண்மைதான். வேகமாக வரும் ஓர் எக்ஸ்பிரஸ் வண்டி நிற்பதற்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம் தேவைப்படலாம். விளக்கொளியில் மாட்டைப் பார்த்துவிட்டுப் பிரேக் போட்டால் மாட்டைத் தாண்டித்தான் வண்டி நிற்கும். டிரைவர் நம்பி ஓட்டுவது சிக்னலை. முகப்பு விளக்கின் பெரிய வேலை, "ரெயில் வருகிறது, விலகு" என்று எதிரில் இருப்பவருக்குத் தூரத்திலேயே சொல்வது.

அமெரிக்காவில் தொடக்க காலத்தில் விளக்கு என்ற பேச்சே இல்லை. 1830-களில் சவுத் கரோலினாவில் ஹொரேஷியோ ஆலன் என்ற என்ஜினீயர் ஒரு யோசனை செய்தார். என்ஜினுக்கு முன்னால் ஒரு தட்டு வண்டியைக் கோத்து, அதில் மணலைப் பரப்பி, அதன் மேல் பைன் மரக் கட்டைகளை எரியவிட்டார். எரியும் சொக்கப்பனையைத் தள்ளிக்கொண்டு ரெயில் போனது! பிறகு பெரிய பெட்டி போன்ற எண்ணெய் விளக்குகள் வந்தன. அப்புறம் நீராவியால் சுழலும் டைனமோவும் மின்விளக்கும் வந்தன. அதன்பின் சீல்டு பீம், ஹாலஜன் என்று வளர்ந்து, இப்போது எல்.இ.டி. வரை வந்திருக்கிறது. நம் நாட்டு என்ஜின்களிலும் எல்.இ.டி. முகப்பு விளக்குகள் புகுந்துவிட்டன.

அமெரிக்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. லெவல் கிராசிங் விபத்துகளைக் குறைப்பதற்காக, வேகமாக ஓடும் என்ஜின்களின் முன்புறம் கீழே இரு பக்கமும் கூடுதல் விளக்குகள் 1997 முடிவுக்குள் வேண்டும் என்றார்கள். மேலே ஒன்று, கீழே இரண்டு. இருட்டில் ஒரு முக்கோணம் தெரியும். முக்கோணம் பெரிதாகிக்கொண்டே வந்தால் வண்டி நெருங்குகிறது என்று அர்த்தம். ஒற்றை விளக்கைப் பார்த்துத் தூரத்தை மதிப்பிடுவது கஷ்டம். முக்கோணத்தைப் பார்த்து மதிப்பிடுவது சுலபம்.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே ரெயில் பாதைக்கு இருபுறமும் வேலி. நீராவி என்ஜினின் முன்னால் மாட்டிய எண்ணெய் விளக்குகள் பாதைக்கு வெளிச்சம் காட்ட ஏற்பட்டவை அல்ல. எந்த வகை வண்டி வருகிறது என்று சிக்னல்காரருக்குச் சொல்ல ஏற்பட்டவை. இரண்டு பஃபர்களின் மேலும் ஒவ்வொரு விளக்கு இருந்தால் எக்ஸ்பிரஸ். புகைபோக்கி அருகே ஒரே விளக்கு இருந்தால் சாதாரணப் பாசஞ்சர். ஆகவே பிரிட்டிஷ் மாதிரி என்ஜினில் மோட்டார் கார் விளக்கு போலப் பளிச்சென்று ஒன்றை மாட்டினால், விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் அழகுக்கு அந்தச் சின்ன விளக்கையும், இரவில் ஓட்டக் கழற்றி மாட்டும் தனி விளக்கையும் வைத்துக்கொள்கிறார்கள்.

25 மீட்டர் கணக்கு

குட்டி ரெயிலில் பெரும்பாலும் சிக்னல் காவல் குறைவு. அங்கே விளக்கு இரண்டு வேலையும் செய்தாக வேண்டும். காட்டவும் வேண்டும், பார்க்கவும் உதவ வேண்டும். எவ்வளவு தூரம் தெரிந்தால் போதும்? சாதாரணக் கணக்குதான்.

வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 2.8 மீட்டர். தடையைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆனால், அதற்குள் 4 மீட்டர் போய்விடும். பிரேக்கைத் திடீரென்று இறுக்க முடியாது. பலகையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் முன்னால் சரிந்து விழுவார்கள். நிதானமாகப் பிடித்தால் நிற்க இன்னும் 8 மீட்டர். மொத்தம் 12 மீட்டர். தண்டவாளம் ஈரமாக இருந்தால், பாதை இறக்கமாக இருந்தால் என்று யோசித்து இரண்டு பங்கு வைத்தால் ஏறக்குறைய 25 மீட்டர்.

ஆகவே தேவை, 25 மீட்டர் தூரத்தில் கிடக்கும் ஒரு கிளையைத் தெளிவாகக் காட்டும் விளக்கு. அதற்கு மேல் வெளிச்சத்தைக் கூட்டுவதால் பெரிய லாபம் இல்லை; எதிரில் நிற்பவர் கண்ணைக் குருடாக்குவதுதான் மிச்சம்.

பழைய பல்பின் குறை

பழைய மாதிரி என்ஜின்களில் டார்ச் லைட் பல்பு, மோட்டார் சைக்கிள் பல்பு, சின்ன ஹாலஜன் பல்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். இவற்றுக்குள் இருப்பது மெல்லிய இழை. மின்சாரம் பாய்ந்தால் இழை பழுக்கக் காய்ந்து வெளிச்சம் தருகிறது. செலவாகும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாவதில்லை. மீதி எல்லாம் வெப்பம்.

இன்னொரு குறை, அதிர்ச்சி. குட்டி ரெயிலுக்கு ஸ்பிரிங் இருந்தாலும் ஒவ்வொரு தண்டவாள இணைப்பிலும் தடதடவென்று அடிக்கும். காய்ந்த இழை அந்த அடியில் அறுந்துவிடும். பெரும்பாலும் நடுவழியில் அறுந்துவிடும். எல்.இ.டி.யில் இழை கிடையாது. அறுவதற்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவது, பேட்டரி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி என்பது நம் வீட்டு யு.பி.எஸ். பெட்டியில் இருக்கும் அதே கறுப்புப் பேட்டரிதான். 20 வாட் பல்பு அதிலிருந்து 1.7 ஆம்பியர் உறிஞ்சும். ஏட்டுக் கணக்கில் நாலு மணி நேரம், நடைமுறையில் மூன்று மணி நேரம் எரியும். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 3 வாட் எல்.இ.டி.க்குக் கால் ஆம்பியர் போதும். அதே பேட்டரியில் ஒரு நாள் முழுக்க எரியும். பேட்டரியால் ஓடும் என்ஜினாக இருந்தால், மிச்சமாகும் மின்சாரம் வண்டி இழுக்கப் பயன்படும்.

வோல்ட் தப்பினால் கருகும்

பழைய பல்பைக் கழற்றிய இடத்தில் எல்.இ.டி.யை நேராக மாட்டிவிட்டால் என்ன? கண் சிமிட்டும் நேரத்தில் கருகிவிடும். ஒரு வெள்ளை எல்.இ.டி.க்கு வேண்டியது ஏறக்குறைய 3 வோல்ட்தான். 12 வோல்ட்டை அது தாங்காது.

மூன்று எல்.இ.டி.யை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 9 வோல்ட் ஆயிற்று. நிறைந்த பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும். மிச்சம் 3.6 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் விழுங்க வேண்டும். மின்னோட்டம் 0.35 ஆம்பியர் என்றால் 10 ஓம் ரெசிஸ்டர் சரியாக வரும். அது ஒன்றேகால் வாட் சூட்டைக் கக்கும். ஆகவே கால் வாட் ரெசிஸ்டர் போதாது. 3 வாட் ரெசிஸ்டராக இருக்க வேண்டும்.

கணக்கு முடிந்ததா? இல்லை. அதே பேட்டரியைச் சார்ஜில் போடும்போது வோல்ட் 14.4 வரை ஏறும். அப்போது யாராவது விளக்கைப் போட்டுவிட்டால், ரெசிஸ்டரின் பங்கு 5.4 வோல்ட் ஆகிவிடும். மின்னோட்டம் ஒன்றரை மடங்காகிவிடும். எல்.இ.டி.யின் ஆயுள் அன்றைக்கே குறைந்துவிடும். இதனால்தான் அனுபவசாலிகள் ரெசிஸ்டரை விட்டுவிட்டு 'டிரைவர்' என்ற சின்ன மின்சுற்றை வைக்கிறார்கள். பேட்டரி வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் அது ஒரே அளவு மின்னோட்டத்தையே கொடுக்கும். பேட்டரி 24 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்று பார்த்து அதற்கேற்ற டிரைவரை வாங்க வேண்டும்.

பிளஸ், மைனஸ் இரண்டையும் கவனிக்க வேண்டும். பழைய பல்பு எப்படி மாட்டினாலும் எரியும், எல்.இ.டி. தலைகீழாக மாட்டினால் எரியாது. பேட்டரி என்ஜின்களில் சிலர் மோட்டார் வயரிலிருந்தே விளக்குக்கு இணைப்பு எடுத்துவிடுவார்கள். அது தவறு. வண்டி மெதுவாகப் போனால் விளக்கு மங்கும், நின்றால் அணையும், பின்னால் ஓட்டினால் பிளஸ் மைனஸ் மாறிவிடும். நிற்கும்போதுதானே விளக்கு அவசியம்? இணைப்பு நேராகப் பேட்டரியிலிருந்து தனி சுவிட்ச் வழியாக வர வேண்டும்.

முதுகில் சூடு

எல்.இ.டி.யைத் தொட்டால் சுடாது என்று பலர் நினைக்கிறார்கள். முன்பக்கம் சுடாது, முதுகுப்பக்கம் சுடும். பழைய பல்பு தன் வெப்பத்தை வெளிச்சத்தோடு முன்னால் வீசிவிடும். எல்.இ.டி.யின் வெப்பம் அதன் அடித்தகட்டில் தேங்கும். அதை வெளியேற்றாவிட்டால் வெளிச்சம் மங்கும், பிறகு செத்துவிடும். ஆகவே வெப்பம் கடத்தும் பசை தடவி, அலுமினியத் தகட்டின் மேல் இறுக்கித் திருகுகிறார்கள். விளக்குக் கூடு பித்தளையாக இருந்தால் தகட்டைக் கூட்டோடு ஒட்டவைத்தாலே போதும். கூடு முழுவதும் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விட்டுவிடும்.

நீராவி என்ஜினில் இதற்கும் மேல் ஒரு சிக்கல். விளக்கு உட்கார்ந்திருக்கும் இடமே புகைப்பெட்டிதான். அது கையை வைக்க முடியாத சூடு. வெளியேற்ற வேண்டிய வெப்பம் போக, கீழிருந்து புது வெப்பம் ஏறி வரும். ஆகவே விளக்கைத் தாங்கும் கம்பிக்கும் புகைப்பெட்டிக்கும் நடுவில் சூடு கடத்தாத வாஷர் வைத்து, காற்றுப் புக இடைவெளி விடுகிறார்கள். இந்த இடத்தில் மட்டும் அந்தப் பித்தளைக் கூட்டைப் புகைப்பெட்டியில் நேராக முட்டவிடக் கூடாது.

வயரும் அப்படித்தான். கடையில் மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. வயர் சாதாரணமாக 70 டிகிரி வரைதான் தாங்கும். புகைப்பெட்டி ஓரம் அது இளகி உருகிவிடும். சிலிக்கோன் உறை போட்ட வயர் 180 டிகிரி வரை தாங்கும். அதைக் கைப்பிடிக் கம்பியின் குழாய்க்குள் விட்டுப் பின்பக்கம் டெண்டருக்குக் கொண்டு போனால், பார்ப்பவர் கண்ணுக்கும் தெரியாது. என்ஜினையும் டெண்டரையும் அடிக்கடி பிரிக்க வேண்டியிருப்பதால் நடுவில் ஒரு பிளக் அவசியம்.

கிண்ணமும் லென்சும்

விளக்கின் பின்னால் பளபளக்கும் கிண்ணத்துக்கு ஒரு மையப்புள்ளி உண்டு. வெளிச்சம் அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பினால்தான் கிண்ணம் அதை நேர்க்கோடாக முன்னால் அனுப்பும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போனால் வெளிச்சம் சிதறிவிடும்.

பழைய பல்பின் இழை எல்லாத் திசையிலும் வெளிச்சம் வீசும். கிண்ணம் அதைச் சேர்த்து அனுப்பும். எல்.இ.டி. முன்பக்கம் மட்டுமே வீசும். அதைப் பழைய கிண்ணத்தின் நடுவில் முன்னோக்கி வைத்தால், வெளிச்சத்தின் பெரும் பகுதி கிண்ணத்தைத் தொடாமலே பரவி ஓடிவிடும். "விலை கொடுத்து வாங்கியும் பழைய பல்பு அளவுக்குக்கூடத் தூரம் போகவில்லையே" என்று புலம்புகிறவர்களின் குறை இங்கேதான் இருக்கிறது. எல்.இ.டி.க்கென்று வரும் சின்ன லென்சை அதன் முகத்தில் மாட்டினால் குறை தீர்ந்தது.

லென்சிலும் இரண்டு வகை. 10 டிகிரி கோணத்தில் குறுகலாக வீசுவது நேர்ப்பாதைக்கு ஏற்றது. ஆனால் பூங்காப் பாதைகளில் வளைவு அதிகம். வளைவில் என்ஜின் மூக்கு ஒரு பக்கம் பார்க்கும். தண்டவாளம் வேறு பக்கம் திரும்பும். குறுகலான வெளிச்சம் புதரைத்தான் காட்டும். அங்கே 25, 30 டிகிரி அகலமாக வீசும் லென்ஸ் நல்லது.

பொருத்திய பின் சுவரில் ஒரு சோதனை. சமதரையில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி என்ஜினை நிறுத்த வேண்டும். விளக்கின் உயரம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் என்றால், சுவரில் அதே உயரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட வேண்டும். வெளிச்சத்தின் நடுப்பகுதி அந்தக் கோட்டுக்கு 9 சென்டிமீட்டர் கீழே விழுந்தால், பாதையில் சரியாக 25 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். வேண்டிய தூரமும் அதுதான். கோட்டுக்கு மேலே போனால் எதிரே நிற்கும் குழந்தையின் கண்ணில் விழும்.

நிறத்தையும் பார்க்க வேண்டும். எண்ணெய் விளக்குக் காலத்து என்ஜினில் பால்வெள்ளை ஒளி ஒட்டாது. மஞ்சள் கலந்த 2700 கெல்வின் எல்.இ.டி. வாங்கினால் பழைய விளக்கின் சாயல் வரும். இந்தக் காலத்து டீசல் மாதிரிக்கு 5000, 6000 கெல்வின் வெள்ளை ஒளி பொருந்தும்.

பியூஸ் மறந்தால் வினை

விளக்கு சின்னது என்று பியூஸ் வைக்காமல் விடுகிறவர்கள் உண்டு. விளக்கு சின்னதுதான், பேட்டரி சின்னதல்ல. வயர் உறை தேய்ந்து பித்தளைக் கூட்டில் தொட்டுவிட்டால், பேட்டரியில் உள்ள மின்சாரம் முழுவதும் அந்த மெல்லிய வயரில் பாயும். வயர் பழுக்கும். பேட்டரி இருக்கும் இடமோ பெரும்பாலும் டிரைவரின் இருக்கைக்குக் கீழே! பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் பியூஸ் ஒன்று வைத்தால் இந்தப் பயம் இல்லை. பியூஸ் விளக்குப் பக்கத்தில் இருந்தால் பயனில்லை; நடுவில் உள்ள வயருக்கு யார் காவல்?

சிலர் ஒரே வயரை மட்டும் இழுத்து, திரும்பும் வழிக்கு என்ஜின் உடலையே உபயோகிப்பார்கள். பெயிண்டும் எண்ணெயும் படிந்த இணைப்புகளில் மின்சாரம் விட்டுவிட்டு வரும், விளக்கு மினுக்கும். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு வயர் இழுப்பதே உத்தமம்.

முகப்பு விளக்கில் காட்டும் அக்கறையைக் கடைசி வண்டியில் காட்டாதவர்கள் பலர். நம் ரெயில்களில் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் 'எல்.வி.' பலகையும் இரவில் சிவப்பு விளக்கும் இருப்பதைத் தினமும் பார்க்கிறோம். குட்டி ரெயிலுக்கும் அது வேண்டும். வளைவில் நின்றுவிட்ட வண்டியைப் பின்னால் வரும் வண்டி இடித்தால் முதலில் அடிபடுவது கடைசிப் பலகையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை. ஒரு சின்னச் சிவப்பு எல்.இ.டி. அதைத் தடுக்கும்.

நமக்கு என்ன பயன்?

கடல் கடந்த நாட்டில் பொழுதுபோக்குக்காக ஓட்டும் ரெயிலைப் பற்றி இவ்வளவு தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்கலாம். தாராவியிலும் சயானிலும் மாலையில் தள்ளுவண்டி போடும் நம்மவர்கள் வண்டிக்கு வண்டி எல்.இ.டி. விளக்கு மாட்டியிருக்கிறார்கள். அந்த விளக்குக்கும் பேட்டரி உண்டு, வயர் உண்டு, பக்கத்திலேயே அடுப்பும் உண்டு. பேட்டரி ஓரத்தில் பியூஸ், வோல்ட்டுக்கு ஏற்ற டிரைவர், சூடு தாங்கும் வயர், கண் கூசாத கோணம் என்று மேலே சொன்ன நாலும் அந்த வண்டிக்கும் அப்படியே பொருந்தும். செலவு அதிகமில்லை. கவனம்தான் வேண்டும்.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பூங்கா ரெயிலில் ஏறும் பெற்றோரும் ஒரு விநாடி நின்று பார்க்கலாம். இருட்டும் நேரமானால் முன்னால் வெள்ளை விளக்கு எரிகிறதா, பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுவது நல்லது. எரியாவிட்டால் டிரைவரிடம் தயங்காமல் சொல்லலாம். கேட்பதற்கு உரிமை உண்டு, டிக்கெட் வாங்கியிருக்கிறோமே!